மாவிலிருந்து உருவிய முடி

அத்தியாயம் 11

"நிறுத்துங்க அக்கா. அந்த இடத்தை இன்னொரு தடவை போடுங்க."

சலோமத் அக்கா கைப்பேசித் திரையில் விரலை வைத்துப் படத்தைப் பின்னால் இழுத்தாள். கோகந்த் சிறையின் காத்திருப்பு அறையில் நாங்கள் இருவர்தான். அவள் மடியில் துணியில் சுற்றிய ரொட்டி ஒன்று இருந்தது. திரையில், போலீஸ் பதிவு செய்த வாக்குமூலத்தில், மொட்டையடிக்கப்பட்ட தலையுடன் ஹோஷிம் மேசையைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

'துர்குன் பாம்புக் கொழுப்பை நக்கினவன். ஆனாலும் மாவுலேர்ந்து முடியை உருவுற மாதிரி காரியத்தை முடிச்சேன். அவன் செருப்பை வாசல் பக்கம் திருப்பி வெச்சு அனுப்பினேன். தண்ணிக்குள்ள இறங்கியும் நனையாம கரையேறிடலாம்னு நெனச்சேன். ரெண்டு நாளா வாயில வறுத்த மாவை அடைச்சுக்கிட்டு ஊமையா இருந்தேன். இனிமே முடியாது.'

"ஒரே மூச்சுல அஞ்சு பழமொழி!" என்றேன். "நம்ம ஊர்ல யார் இப்படிப் பேசறாங்க, சொல்லுங்க. ஒண்ணு ரெண்டு எல்லாரும் பேசறதுதான். எங்க மாமா பாம்புக் கொழுப்பை நக்கின தந்திரக்காரர்தான், நானே ஒத்துக்கறேன். ஆனா அஞ்சையும் கபாப் கம்பில கறி கோர்க்கிற மாதிரி கோர்க்கிறது பஸ் நிலையத்துல விக்கிற துப்பறியும் புத்தகத்துல மட்டும்தான்."

"நீ படிக்கிற குப்பை."

"அந்தக் குப்பையாலதான் உங்களுக்கு ஒரு உதவியாள் கிடைச்சான்."

அக்கா சிரிக்கவில்லை. போலீஸில் இருந்த காலத்திலிருந்தே அவள் மனதுக்குள் சிரிப்பதுதான் வழக்கம் என்று சொல்வார்கள். நான் இன்னும் அதற்குச் சாட்சி தேடிக்கொண்டிருக்கிறேன்.

"நான் எத்தனையோ வாக்குமூலம் வாங்கியிருக்கேன்டா எர்காஷ்" என்றாள். "நெசமா செஞ்சவன் எப்படிச் சொல்வான் தெரியுமா?"

"எப்படி?"

"அடிச்சேன். விழுந்தான். தண்ணி குடுங்க."

துர்குன் பையன்களை ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்கு அனுப்பும் தரகன். முதலில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டுவான். அப்புறம் அவன் வைத்ததுதான் சட்டம். வசந்தத்தில், ரொட்டிக்காரர் நொர்மத் உஸ்தா தன் பேரனுக்குச் சுன்னத் விருந்து வைத்த அன்று, துர்குனை யாரோ எடைக்கல்லால் அடித்துக் கொன்றார்கள். நீள ஊதுகுழல்களும் மேளமும் தெருவையே அதிரவைத்துக்கொண்டிருந்தபோது, நாலு வீடு தள்ளிப் பின்னறையில் ஒரு மண்டை உடைந்தது யார் காதிலும் விழவில்லை. இரண்டு நாள் கழித்து லாரி ஓட்டுநர் ஹோஷிம் தானே வந்து நின்றான். திங்கட்கிழமை தீர்ப்பு. வக்கீல் கையைப் பிசைகிறார். இருபது வருஷம் என்கிறார். கோழி அறுக்கவே பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுகிறவன் தன் மகன் என்று ஹோஷிமின் தாய் ஒய்சரா அம்மா, வக்கீலின் அறையில் சலோமத் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அப்படித்தான் இந்த வழக்கு எங்களிடம் வந்தது.

அன்று காலையில் நொர்மத் உஸ்தாவையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தோம். அவருக்குத் துர்குன் செத்த துக்கத்தைவிட விருந்து கெட்ட துக்கம் பெரிது. பேரனுக்காகவே மாதுளம்பழ வடிவத்தில் ஊசிகள் பதித்த புது ரொட்டி முத்திரை செய்து, அன்றைய ரொட்டிகளின் நடுவில் அதைக் குத்தியிருக்கிறார். கொலை நடந்தது தெரிந்ததும் ராசியில்லாத முத்திரை என்று அன்று மாலையே வாய்க்காலில் எறிந்துவிட்டார்.

"இந்த ஊர்ல இந்த வழக்குல தண்டனை வாங்கின ஒரே ஆள் அந்த முத்திரைதான்" என்று நான் அப்போது சொன்னேன். அதற்கும் அக்கா சிரிக்கவில்லை.

காவலர் வந்து ரொட்டியைக் கேட்டார். துணியைப் பிரித்து, நீளமான இரும்புக் கம்பியால் ஏழெட்டு இடங்களில் குத்திப் பார்த்தார்.

"உள்ள என்ன தேடறீங்க அண்ணே? புல்லாங்குழலா இது, ஓட்டை போடறீங்க?" என்று கேட்க நினைத்தேன். காவலரின் மீசையைப் பார்த்துவிட்டு, "நல்லா வெந்திருக்கா அண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.

ஹோஷிம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான். பெரிய கைகள், சின்னக் குரல். காவலர் ரொட்டியை அவன் முன்னால் வைத்தார்.

"உங்கம்மா அனுப்பினாங்க" என்றாள் அக்கா. "ஒரு வாய் கடிச்சுக் குடுத்தா போதுமாம்."

வீட்டை விட்டுப் போகிறவன் ஒரு வாய் கடித்துவிட்டுப் போக வேண்டும். மிச்சத்தை வீட்டுக்காரர்கள் சுவரில் மாட்டி வைப்பார்கள். அவன் திரும்பி வந்து அதைத் தின்று முடிக்கும்வரை அது அங்கேயே தொங்கும். பட்டாளத்துக்குப் போன என் சித்தப்பாவின் ரொட்டி இரண்டு வருஷம் தொங்கியது. வந்ததும் அதைத் தேநீரில் ஊறவைத்துத் தின்று ஒரு பல்லை உடைத்துக்கொண்டார். ஹோஷிமைப் போலீஸ் அழைத்துப்போனபோது கடிக்க நேரமில்லை. அதுதான் அந்தத் தாய்க்குக் குறை.

ஹோஷிம் ரொட்டியைப் பார்த்தான். பிறகு அதைத் தள்ளி வைத்தான்.

"வேணாம்."

"ஏம்ப்பா?"

"கடிச்சா வரணும்ல."

அக்கா கண்ணாடியை நோக்கிச் சாய்ந்தாள். "சரி. துர்குன் எப்படி விழுந்தான்? அதை மட்டும் சொல்லு."

அவன் கண்களை மூடிக்கொண்டான். "வேரறுந்த பாப்ளார் மரம் மாதிரி..."

"அடுத்த பக்கம்" என்றேன் நான்.

ஹோஷிம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். காது மடல்கள் சிவந்துவிட்டன. கொலைக்காகச் சிறையில் இருக்கிறவன் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"வீட்ல வேற யாருப்பா இருக்கா?" என்று அக்கா பேச்சை மாற்றினாள். "தம்பி ஒருத்தன் உண்டுல்ல?"

"தோனியோர். அவன் விருந்துக்கு முந்தின நாளே கிளம்பிட்டான். ரஷ்யாவுக்கு. விருந்தப்ப அவன் ஊர்லயே இல்ல."

"நான் அதைக் கேக்கலையே."

ஹோஷிம் எழுந்துவிட்டான். காவலர் ரொட்டியை எங்களிடமே திருப்பிக் கொடுத்தார். ஓட்டைகளோடு, கடிபடாமல்.

*

பஸ் நிலையத்துக்குப் பின்னால் யோல்தோஷ் அண்ணனின் புத்தகத் தள்ளுவண்டி. பழைய தொழில் கையேடுகள், கனவுப் பலன்கள், அட்டையில் துப்பாக்கியும் பெண்ணும் போட்ட துப்பறியும் நாவல்கள். என் இளமையின் பாதி அந்த வண்டியில்தான் போனது. மழை பெய்த மாலைகளில் அந்த மெல்லிய காகிதங்களில் பாரிஸும் ஷாங்காயும் எனக்கு மணந்திருக்கின்றன. மூடிவிட்டு நிமிர்ந்தால் வெள்ளரிக்காய் விற்கிற கூச்சல்.

"பாப்ளார் மரம், வறுத்த மாவு, பாம்புக் கொழுப்பு, எல்லாம் ஒரே புத்தகத்துல வருமா அண்ணே?" என்று கேட்டேன்.

"எல்லாத்துலயும் வரும். அதுக்குத்தானே காசு குடுக்கறாங்க" என்றார் யோல்தோஷ். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரு புத்தகத்தின் முதுகைத் தட்டினார். "ஆனா அதே வரிசையில வேணும்னா, இது. கறுப்புக் கலோஷ். அட்டையில ரப்பர்ச் செருப்பு பாரு. கடைசி அத்தியாயத்துல கொலைகாரன் நீதிபதி முன்னாடி நின்னு பேசுவான். படிச்சா அழுதுருவே."

புரட்டினேன். இருந்தது. பாம்பு, முடி, செருப்பு, தண்ணீர், மாவு. ஒரு வார்த்தை மாறாமல் அதே வரிசை. கீழே பாப்ளார் மரம்.

"இதை யாரெல்லாம் வாங்கினாங்க?" என்றாள் அக்கா.

"ஒய்சரா அம்மாவோட சின்னப் பையன் தோனியோர் என்னோட நிரந்தர ஆள். வாரம் ஒண்ணு. ஆனா இதை அவன் வாங்கல. அவங்க அண்ணன் வந்து வாங்கினான், லாரிக்காரன். அவன் வாழ்க்கையில வாங்கின ஒரே புத்தகம் இதுதான்னு நெனைக்கிறேன். பிடிக்கவே தெரியல, ஸ்பானர் மாதிரி பிடிச்சான்."

"என்ன கேட்டான்?"

"கொலை பண்ணவன் ஒத்துக்கிற மாதிரி ஏதாவது இருக்கான்னு கேட்டான். ரொம்ப நல்லா ஒத்துக்கணும்னான். நான் என்ன, தர்பூசணியா விக்கிறேன், தட்டிப் பாத்துக் குடுக்க? இதை எடுத்து நீட்டினேன். இங்கேயே நின்னு, உதட்டை அசைச்சு அசைச்சுப் படிச்சான். பஸ்ஸுக்கு நின்னவங்க தொழுகை பண்றான்னு வழி விட்டாங்க."

"எப்போ?"

"உஸ்தா வீட்டு விருந்துக்கு மறுநாள். மொத நாள் தின்ன கொழுப்பு எனக்கு வயித்துல கல்லு மாதிரி. அதான் ஞாபகம்."

எனக்கு அந்தத் தெருவிலேயே ஆட வேண்டும் போலிருந்தது. கொலை நடந்த மறுநாள் ஒருவன் வந்து, கொலைகாரன் எப்படிப் பேசுவான் என்று புத்தகம் வாங்கிப் படிக்கிறான். அடுத்த நாள் அதையே போலீஸிடம் ஒப்பிக்கிறான். திங்கட்கிழமை யோல்தோஷ் அண்ணன் கூண்டில் ஏறிப் புத்தகத்தை வாசித்தால் போதும். நீதிபதியே எழுந்து வந்து ஹோஷிமின் தோளைத் தட்டி அனுப்பிவிடுவார்.

"இருபது வருஷத்தை ஒரு பாக்கெட் நாவல் தின்னுடுச்சு!" என்றேன். "அக்கா, இனிமே குப்பைன்னு சொல்வீங்களா?"

அவள் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தாள். வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. பருத்தி மூட்டை ஏற்றிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"என்ன அக்கா, மூஞ்சி இப்படி? ஜெயிச்சுட்டோம்."

"செய்யாதவன் எதுக்குடா பாடம் படிச்சான்?"

'விருந்தப்ப அவன் ஊர்லயே இல்ல' என்ற ஹோஷிமின் சின்னக் குரல் எனக்கு அப்போதுதான் மறுபடி கேட்டது.

*

ஒய்சரா அம்மாவின் வீட்டுக்குள் நாங்கள் போனது அதுதான் முதல் தடவை. முற்றத்தில் திராட்சைப் பந்தல், துவைத்துக் காயப்போட்ட ஒரே ஒரு ஆளின் துணி. எங்களைப் பார்த்ததும் அவள் ஓடிவந்து அக்காவின் கன்னத்தில் கன்னம் வைத்தாள்.

"கடிச்சானா?"

அக்கா துணிச்சுற்றை அவளிடம் கொடுத்தாள். ஒய்சரா அம்மா பிரித்துப் பார்த்தாள். கம்பி குத்திய ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். பிறகு அதை அலமாரியில் வைத்துவிட்டுப் பச்சைத் தேநீர் கொண்டுவரப் போனாள்.

அவள் நின்றிருந்த இடத்துக்குப் பின்னால் சுவர். சுவரில் ஆணி. ஆணியில் இன்னொரு ரொட்டி, காய்ந்து பழுப்பேறி, ஓரத்தில் அரைவட்டமாக ஒரு கடி.

நான் சொல்ல வந்த நல்ல செய்தி நாக்கு நுனியில் நின்றது. சலோமத் அக்கா எழுந்து சுவரருகே போய்விட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அருங்காட்சியகத்தில் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நானும் போய்ப் பார்த்தேன். ரொட்டியின் நடுவில் ஊசிப் புள்ளிகள் சேர்ந்து ஒரு வடிவமாகியிருந்தன. உருண்டை, மேலே சின்னக் கிரீடம்.

மாதுளம்பழம்.

"இது தோனியோரோட ரொட்டியா அம்மா?" என்றாள் அக்கா, திரும்பாமலே.

"ஆமா மக." கோப்பைகள் தட்டில் உரசின. "நான் விருந்துக்கு முந்தின நாள்லேர்ந்தே உஸ்தா வீட்ல வேலையா இருந்தேன். முந்தின நாள் சாயங்காலமே கிளம்பிட்டான், உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னு பஸ் நிலையத்துல வெச்சே கடிச்சுக் குடுத்தான்னு, விருந்து முடிஞ்சப்புறம் ஹோஷிம் கொண்டுவந்து குடுத்தான்."

"முந்தின நாள் சாயங்காலம்."

"அப்படித்தான் சொன்னான்."

முந்தின நாள் சாயங்காலம் அந்த முத்திரை எந்த மாவையும் தொட்டிருக்கவில்லை. விருந்தன்று மாலைக்கு அப்புறம் அது வாய்க்காலின் அடியில். என் தலைக்குள் படம் தானாக ஓடியது. மேளச் சத்தம். பின்னறையிலிருந்து சட்டைப்பையில் தன் பாஸ்போர்ட்டோடு ஓடிவரும் பையன். லாரியில் அவனை ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பறக்கும் அண்ணன். ஓட வேண்டும், ஒளிய வேண்டும், எல்லாம் சரி. ஆனால் கடிக்காமல் எப்படிப் போவது? அம்மா கேட்பாளே. லாரியின் இருக்கையில் விருந்திலிருந்து எடுத்துவந்த ரொட்டி இருந்திருக்கிறது. கடிடா என்று நீட்டியிருக்கிறான். வேறு எந்த ஊர்க்காரனும் அந்த நேரத்தில் அதைச் செய்திருக்க மாட்டான்.

அக்கா உட்கார்ந்தாள். யோல்தோஷ் அண்ணன் சொன்னதை அலங்காரம் இல்லாமல் சொன்னாள். புத்தகத்தை எடுத்து வைத்தாள்.

"யோல்தோஷ் வந்து சாட்சி சொன்னா ஹோஷிம் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துடுவான். அப்புறம் அவங்க அடுத்த கேள்வி கேப்பாங்க அம்மா. யாருக்காகப் படிச்சான்னு. கேட்டுக்கிட்டு இங்கதான் வருவாங்க. வந்து இந்தச் சுவரைப் பாப்பாங்க. உஸ்தா ஒருத்தர் போதும், அது எந்த நாள் ரொட்டின்னு சொல்ல."

"உஸ்தா எதுக்கு?" என்றாள் ஒய்சரா அம்மா. தேநீரைக் கோப்பையில் ஊற்றி, வழக்கப்படி மறுபடி கெண்டியில் திருப்பி ஊற்றினாள். "அந்த மாவு நான் பிசைஞ்சது. விடியலேர்ந்து நாலு பேரு பிசைஞ்சோம். பால் ஊத்தி, வெண்ணெய் போட்டு. ஹோஷிம் கையிலேர்ந்து வாங்கினப்பவே தெரியும் எனக்கு."

"தெரிஞ்சுதான் மாட்டுனீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"மாட்டாம என்னப்பா பண்றது? புள்ள கடிச்ச ரொட்டி."

"அப்புறம் எங்களை எதுக்கு அம்மா கூப்பிட்டீங்க?"

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் தப்பான விடை சொல்லிவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கும் பிள்ளையின் பார்வை.

"மூணாவதா ஒருத்தன் இருப்பான்னு நெனச்சேன் தம்பி. நீங்க கெட்டிக்காரங்க, தேடினா கெடைப்பான்னு."

நான் கோப்பையை எடுத்துக் குடிக்காமலே கீழே வைத்தேன்.

"திங்கட்கிழமைக்குள்ள நீங்க சொல்லணும் அம்மா" என்றாள் சலோமத் அக்கா. "நான் சொல்ல முடியாது. எந்தப் புள்ளை வீட்டுக்கு வரணும்னு நான் சொல்ல முடியாது."

ஒய்சரா அம்மா எழுந்தாள். சாப்பாட்டுத் துணியை எடுத்து எங்கள் முன்னால் விரித்து, மூலைகளை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு சுவரருகே போய், இரண்டு கைகளாலும் அந்த ரொட்டியை ஆணியிலிருந்து எடுத்தாள். ரொட்டி இருந்த இடத்தில் சுவர் வட்டமாக வெளுத்திருந்தது.

ரொட்டியை எரிக்க முடியாது. மண்ணில் புதைக்க முடியாது. எங்கள் ஊரில் திருடன்கூடக் கீழே கிடக்கும் ரொட்டித் துண்டை எடுத்து நெற்றியில் ஒற்றி உயரத்தில் வைத்துவிட்டுத்தான் போவான். அதை இல்லாமல் ஆக்க ஒரே வழிதான் உண்டு.

அவள் அதை முழங்காலில் வைத்து அழுத்தினாள். ஓடு உடைவதுபோல் உடைந்தது. மாதுளம்பழம் நாலு துண்டானது. துண்டுகளைத் துணியின் நடுவில் வைத்தாள். கடித்த ஓரத்தை மட்டும் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"சாப்பிடு மக. சாப்பிடு தம்பி. தேநீர்ல நனைச்சுக்கோ, காஞ்சிருக்கு."

"அம்மா," என்றாள் அக்கா, "இதைத் தின்னுட்டா அப்புறம் ஹோஷிமுக்கு இருபது வருஷம்..."

"தெரியும்."

"தோனியோரும் திரும்பி வரமாட்டான்..."

"தெரியும் மக. அவன் எங்கேயாவது இருந்துட்டுப் போகட்டும். இருந்தா போதும்."

விரித்த துணியில் வைத்த ரொட்டியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. சலோமத் அக்காவைப் பார்த்தேன். எத்தனையோ பேரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டவள், குளிரில் நிற்கிறவள் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி, முத்திரையில் ஒரு துண்டை எடுத்தாள். தேநீரில் நனைக்காமலே வாயில் போட்டுக்கொண்டாள். நானும் எடுத்தேன்.

மென்றோம். கல்லைப்போல இருந்தது, அப்புறம் மாவாக உதிர்ந்தது. வெண்ணெயின் பழைய வாசனை இன்னும் அதற்குள் இருந்தது.

அலமாரியில் கைப்பேசி அடித்தது. ஒய்சரா அம்மா திரையைப் பார்த்ததும் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். எடுத்துப் பேசும்போது அவள் குரல் இருபது வயது குறைந்திருந்தது.

"என் ராசா! சாப்டியா? குளிரா இருக்கா அங்க?... அண்ணனா? லாரி எடுத்துக்கிட்டுப் பருத்திக்குப் போயிருக்கான்பா. எங்க, அவன் வந்தா போனான்னு இருக்கு, சிக்னலே இல்லாத இடம்... சொல்றேன், சொல்றேன்."

பேசிக்கொண்டே அவள் அலமாரியில் இருந்த இன்னொரு ரொட்டியை, கம்பி குத்திய, யாரும் கடிக்காத ரொட்டியை எடுத்தாள். ஒரு ஓட்டையை ஆணிக்கு நேராகப் பிடித்து மாட்டினாள். வெளுத்த வட்டம் மறைந்தது.

"இருக்குப்பா" என்றாள். "உன் ரொட்டி சுவத்துலதான் இருக்கு. இப்பக்கூட அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அக்கா புத்தகத்தை எடுத்துப் பையின் அடியில் திணித்தாள். எனக்கு வாய் நிறைய மாவு. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.